பிரிட்டனும் ஐரோப்பாவும்: மிதவாதிகளின் வழக்கு

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இரவு பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகினாலும், பிரிட்டன் அதனோடு ஒரு சுங்க ஒன்றியத்திலேனும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது தீர்மானம். அதைக் கொண்டுவந்தவர் கென்னத் கிளார்க். கன்சர்வேடிவ் கட்சியின் முதுபெரும் உறுப்பினர், முன்னாள் நிதி மந்திரி. ஆதரித்தோர் 273 பேர். எதிர்த்தோர் 276 பேர். மூன்றே வாக்குகளில் தீர்மானம் வீழ்ந்தது. சபையின் கருத்தை அறியும் பொருட்டு நடந்த வாக்கெடுப்பேயன்றி, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது அன்று அது. ஆயினும், இரண்டு உறுப்பினர்கள் பக்கம் மாறியிருந்தால் அந்நாட்டின் பிற்காலச் சரித்திரம் வேறு வழியில் சென்றிருக்குமோ என்று எண்ணி வருந்துவோர் அங்கே இன்றும் உளர்.

அவர்களையே நாம் இங்கு மிதவாதிகள் என்று குறிக்கின்றோம். இந்திய நேயர்களுக்கு இச்சொல் கோகலே காலத்துக் காங்கிரஸை நினைவூட்டக்கூடும். அது தவறான நினைவும் அன்று. பேச்சினாலும் சட்டத்தினாலும் படிப்படியாகக் காரியம் சாதிக்கலாம் என்னும் நம்பிக்கை இருவர்க்கும் பொது. பிரிட்டிஷ் மிதவாதிகள் ஒரு கட்சியில் அடங்கியவர்கள் அல்லர். லிபரல் டெமாக்ரட் கட்சியினர் ஏறக்குறைய அனைவரும், தொழிற்கட்சியில் பலரும், கன்சர்வேடிவ் கட்சியில் முன்பு பலராக இருந்து இன்று சிலராகிவிட்டவர்களும் இவ்வகுப்பினரே. தனியார் தொழிலையும் சந்தையையும் ஏற்பர். மருத்துவம், ஓய்வூதியம் முதலிய பொதுநலப் பொறுப்புகளை அரசாங்கம் கைவிடலாகாது என்பர். ஐரோப்பாவோடு சேர்ந்து நிற்பதே தம் நாட்டுக்குப் பலம் என்பர்.

மேலே செல்லுமுன் இரண்டு சொற்களை விளக்கிக்கொள்ளுதல் நலம். சுங்க ஒன்றியம் என்பது, உறுப்பு நாடுகள் தமக்குள் வரி விதியாமல், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் ஒரே வீதத்தில் வரி விதிக்கும் ஏற்பாடு. ஒற்றைச் சந்தை என்பது அதனினும் ஆழமானது. பாலாடைக் கட்டியின் தரம் முதல் பொறியாளரின் தகுதிப் பத்திரம் வரை ஒரே விதி; சரக்கும், சேவையும், மூலதனமும், மனிதரும் எல்லையைக் கவனியாது செல்லலாம். துருக்கி பெரும்பாலும் தொழிற் பொருள்களுக்கான சுங்க ஒன்றியத்தில் உள்ளது. ஒற்றைச் சந்தையில் இல்லை. நார்வே ஒற்றைச் சந்தையில் உள்ளது. சுங்க ஒன்றியத்தில் இல்லை. ஆகவே, உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் இடையில் பல படிகள் உண்டு. அந்தப் படிகளுள் எதில் நிற்பது என்பதே மிதவாதிகளின் கேள்வி.

பிரிட்டன் ஐரோப்பாவிடம் தயங்கித் தயங்கி வந்த நாடு. 1951இல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் நிலக்கரி எஃகு சமூகத்தை அமைத்தபோது அது ஒதுங்கி நின்றது. 1957இல் ரோமாபுரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அவ்வாறே. காமன்வெல்த்தும் அமெரிக்க நட்பும் போதும் என்று எண்ணிய காலம் அது. பின்னர் 1961இல் பிரதம மந்திரி மாக்மில்லன் விண்ணப்பித்தார். 1963இல் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் மறுத்துவிட்டார். 1967இல் வில்சன் விண்ணப்பித்தார். டி கால் மீண்டும் மறுத்தார். முடிவில் எட்வர்ட் ஹீத் காலத்தில், 1973 ஜனவரி 1ஆம் நாள், கதவு திறந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 1975 ஜூனில் மக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 67 பேர் நீடிக்கலாம் என்றனர். அவ்வாறே வாக்களிக்குமாறு அன்று நாட்டைக் கேட்டுக்கொண்டவர்களுள் மார்கரெட் தாட்சரும் ஒருவர் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

அக்காலத்தில் ஐரோப்பாவை அதிகமாக எதிர்த்தது தொழிற்கட்சியின் இடதுசாரிப் பிரிவே. 1983ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் அக்கட்சி ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகுவதாகவே வாக்களித்தது. இந்தப் போக்குப் பொறாமல் 1981இல் ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் ஆகிய நால்வர் சோஷல் டெமாக்ரடிக் கட்சியைத் தொடங்கினர். ஜென்கின்ஸ் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவராக நான்காண்டுகள் இருந்து திரும்பியவர். அக்கட்சி பழைய லிபரல் கட்சியுடன் கூட்டுச் சேர்ந்து 1983இல் தேர்தலில் நின்றது. அதன் முடிவு சிறிது நின்று கவனிக்கத்தக்கது. தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு 27.6 வாக்குகள்; கிடைத்த இடங்கள் 209. கூட்டணிக்கு நூற்றுக்கு 25.4 வாக்குகள்; கிடைத்த இடங்கள் 23.

நம் மக்களவைத் தேர்தலிலும் தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற முறையே நடைமுறையில் இருப்பதால், இது எவ்வாறு நேர்ந்தது என்று நேயர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆதரவு ஓரிடத்தில் குவிந்த கட்சி வெல்லும். எங்கும் சீராகப் பரவிய கட்சி எங்கும் இரண்டாவதாக வரும். மிதவாதம் பெரும்பாலும் பரவிக்கிடப்பது. அதனால்தான் வாக்கு விகிதத்துக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் வேண்டும் என்று அவர்கள் ஓயாமல் கேட்டுவருகின்றனர். 2011இல் விருப்ப வரிசை வாக்கு முறை என்னும் சிறிய சீர்திருத்தம் ஒன்று மக்கள் முன் வைக்கப்பட்டது. அதையும் நூற்றுக்கு 68 பேர் தள்ளிவிட்டனர்.

எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எதிர்ப்பு இடம் மாறிற்று. ஒற்றைச் சந்தையை உருவாக்குவதில் முன்நின்ற தாட்சரே 1988இல் புரூஜ் நகரில் ஆற்றிய உரையில் ஐரோப்பாவின் அதிகாரம் பெருகுவதைக் கண்டித்தார். 1992இல் கையெழுத்தான மாஸ்டிரிக்ட் ஒப்பந்தம் கன்சர்வேடிவ் கட்சியைப் பிளந்தது. அப்பிளவை மூடவே பிரதம மந்திரி காமெரான் 2016 ஜூன் 23ஆம் நாள் மீண்டும் பொதுஜன வாக்கெடுப்பு நடத்தினார். விலக வேண்டும் என்றோர் நூற்றுக்கு 51.9, வேண்டாம் என்றோர் 48.1. ஸ்காட்லாந்தில் 62 பேரும் வட அயர்லாந்தில் ஏறக்குறைய 56 பேரும் நூற்றுக்கு நூற்று நீடிக்கவே விரும்பினர்.

அன்றிரவு முதலில் வந்த முடிவுகளுள் ஒன்று சண்டர்லண்டு நகரினுடையது. அங்கே நூற்றுக்கு 61 பேர் விலகல் பக்கம். 1986இல் தாட்சர் திறந்துவைத்த நிசான் கார்த் தொழிற்சாலை அந்நகரின் பெரிய ஜீவனாதாரம். அங்கே செய்யும் கார்களில் மிகுதி ஐரோப்பாவுக்கே செல்வது. தம் வயிற்றிலேயே அடித்துக்கொண்டார்கள் என்று லண்டன் அறிஞர்கள் சிலர் அப்போது எழுதினர். அப்படி எழுதியது நியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை. அந்நகரின் கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988இல் மூடப்பட்டது. கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. சுரங்கம் இருந்த இடத்தில் இன்று கால்பந்து மைதானம். எவ்வளவோ ஆண்டுகளாக எவரும் தம்மைக் கேட்டதில்லை என்று நினைத்த மக்களிடம் ஒருநாள் கேள்வி ஒன்று வந்தது. கேட்ட கேள்விக்கு மட்டுமே அவர்கள் விடையளிப்பார்கள் என்று எதிர்பார்த்தது மிதவாதிகளின் பேதைமை.

அதற்குப்பின் அவர்கள் செய்த பிழைகளும் சில உண்டு. வாக்கெடுப்பு விலகு என்று சொல்லிற்றே தவிர, எந்தப் படியில் நிற்க என்று சொல்லவில்லை. எனவே சுங்க ஒன்றியம் போன்ற நடுப்படிகளுக்கு இடமிருந்தது. 2019 ஜனவரியில் பிரதம மந்திரி தெரசா மேயின் உடன்படிக்கை 202க்கு 432 என்ற கணக்கில் தோற்றபோது, அந்த இடம் இன்னும் அகலமாயிற்று. ஆனால் ஐரோப்பிய ஆதரவாளர் பலர், மறுவாக்கெடுப்பு ஒன்று நடத்தி முழு உறுப்பினராகவே இருந்துவிடலாம் என்று நம்பி, நடுப்படிக்குக் கைதூக்க மறுத்தனர். நாம் தொடக்கத்தில் சொன்ன அதே இரவில் மறுவாக்கெடுப்புத் தீர்மானமும் 280க்கு 292 என்று தோற்றது. முழுவதையும் கேட்டவர்களும் பாதியைக் கேட்டவர்களும் ஒருவரையொருவர் தோற்கடித்துக்கொண்டனர் என்றே சொல்ல வேண்டும். அவ்வாண்டு செப்டம்பரில் கிளார்க் உள்ளிட்ட 21 பேர் கன்சர்வேடிவ் பார்லிமெண்டுக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். டிசம்பர்த் தேர்தலில் போரிஸ் ஜான்சன் 365 இடங்கள் பெற்றார். வாக்கெடுப்பின்றியே விலகலை ரத்துச் செய்வோம் என்று முழங்கிய லிபரல் டெமாக்ரட் தலைவி ஜோ ஸ்வின்சன் தம் தொகுதியையே இழந்தார். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேறியது. அவ்வாண்டு முடிவில் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு நீங்கிற்று.

நீங்கியதன் விளைவு பெரிய பேரழிவாக வரவில்லை, காகிதமாக வந்தது. புதிய வர்த்தக ஒப்பந்தத்தின்படி சுங்கவரி இல்லை. ஆனால் சோதனை உண்டு. பிரான்சுக்கு இறைச்சி அனுப்புபவர் கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்று அனுப்ப வேண்டும். சில கடற்பகுதிகளில் எடுத்த சிப்பிகளை முன்னர் உயிருடன் அப்படியே ஐரோப்பாவுக்கு ஏற்றுவார்கள். 2021 முதல் அவற்றைத் தம் நாட்டிலேயே தூய்மை செய்த பிறகே அனுப்பலாம் என்றாயிற்று. உயிருள்ள சரக்குக்குக் காலதாமதமே நஷ்டம் அன்றோ! பெரிய கம்பெனிகள் இதற்கென ஆட்களை வைத்துக்கொண்டன. சிறு வியாபாரிகளிற் பலர் ஐரோப்பிய வியாபாரத்தையே விட்டனர். அரசாங்க நிதிநிலையைச் சுயேச்சையாகக் கணிக்கும் பொறுப்புடைய அலுவலகம், யூனியனில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நாளடைவில் நூற்றுக்கு 4 அளவு குறையும் என்று மதிப்பிட்டது. இது மதிப்பீடே, இதை மறுப்போரும் உளர். எனினும், விலகியதால் வளம் பெருகியது என்று கணக்குக் காட்டியவர் எவரையும் நாம் கண்டதில்லை.

2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி நூற்றுக்கு 33.7 வாக்குகளோடு 411 இடங்கள் பெற்று ஆட்சிக்கு வந்தது. ஐரோப்பாவோடு உறவைச் சீராக்குவோம், ஆனால் ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் மனிதரின் தடையற்ற வருகைக்கும் திரும்ப மாட்டோம் என்பது அதன் அறிக்கை. அத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சியினர் 12.2 விழுக்காடு வாக்கில் 72 இடங்களைப் பிடித்தனர். 2019இல் 11.6 விழுக்காட்டில் அவர்கள் பெற்றது பதினொன்றே. இம்முறை அவர்கள் ஐரோப்பாவைப் பற்றிக் குறைவாகவும், வெல்லக்கூடிய தொகுதிகளின் ஆஸ்பத்திரிகளையும் ஆறுகளில் கலக்கும் சாக்கடையையும் பற்றி அதிகமாகவும் பேசினர். விலகலுக்குத் தீவிரமாகப் பாடுபட்ட நைஜல் பராஜின் ரிபார்ம் கட்சிக்கோ 14.3 விழுக்காட்டுக்கு ஐந்தே இடங்கள். முன்பு தம்மை வதைத்த முறை இன்று தமக்குச் சாதகமாக நின்றபோதும், அதை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை லிபரல் டெமாக்ரட்டுகள் விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2025 மே மாதம் லண்டனில் நடந்த மாநாட்டில், உணவுப் பொருள் சோதனைகளைப் பெரும்பாலும் நீக்கும் உடன்படிக்கைக்கு இரு தரப்பும் இசைந்தன. பதிலாக, ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன்பிடிக்கும் உரிமை 2038 வரை நீட்டிக்கப்பட்டது. பாதுகாப்புக் கூட்டுறவும் கையெழுத்தாயிற்று. மாணவர் பரிமாற்றத்துக்குரிய எராஸ்மஸ் திட்டத்தில் 2027 முதல் மீண்டும் சேர்வதென்று அவ்வாண்டு டிசம்பரில் முடிவாயிற்று. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் மிதவாதிகள், இது வாசற்படியைத் துடைப்பதே தவிர உள்ளே நுழைவதன்று என்பர்.

அவர்களுக்குச் சொல்லப்படும் மறுமொழிகளுள் ஒன்று நம் நாட்டைத் தொட்டது. 2025 ஜூலை 24ஆம் நாள் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கி மீது நாம் விதித்துவந்த 150 விழுக்காட்டு வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைய அதில் வகை செய்யப்பட்டது. ஐரோப்பியச் சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால், இந்தியச் சரக்குக்கு என்ன வரி என்பதை லண்டன் தனியே முடிவு செய்ய இயலாது. அப்போது இத்தகைய ஒப்பந்தங்களின் கதி என்ன என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மிதவாதிகள் அளவைக் காட்டி விடை சொல்கின்றனர். இந்திய ஒப்பந்தத்தால் நாளடைவில் ஆண்டுக்கு 480 கோடி பவுன் வரவு என்று பிரிட்டிஷ் அரசாங்கமே கணக்கிட்டது. அது அந்நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றில் ஏழு எட்டில் ஒரு பங்கு. நாலு விழுக்காட்டு இழப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கின்றனர்.

இதனினும் கடினமான மறுமொழி வேறொன்று. உறுப்பினராகாமல் சந்தையில் மட்டும் சேர்ந்தால், பிறர் இயற்றும் விதிகளுக்கு வாக்கின்றிக் கீழ்ப்படிய வேண்டும். தம் சட்டத்தைத் தாமே இயற்ற வேண்டும் என்பதற்காக விலகிய மக்களிடம் இதை எப்படிச் சொல்வது? முழு உறுப்பினராகத் திரும்புவதே இதற்கு நேர்மையான விடை என்று சில மிதவாதிகள் ஒப்புக்கொள்கின்றனர். அதற்கோ 27 நாடுகளின் சம்மதம் வேண்டும். இருமுறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை நுழைந்து, பின் தானே வெளியேறிய ஒரு நாட்டை அவர்கள் எளிதில் நம்புவார்களா என்பதைப் பற்றிப் பிரிட்டனில் பேசுவோர் குறைவு. லண்டனில் ஆட்சி மாறினால் கொள்கையும் மாறிவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருப்பது இயற்கையே.

ஆயினும் விவாதம் ஓயவில்லை. 2025 டிசம்பர் 9ஆம் நாள் லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஒருவர், ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியம் அமைக்கப் பேச்சு நடத்த வேண்டும் என்னும் மசோதாவைச் சபையில் கொண்டுவர அனுமதி கேட்டார். அரசாங்கத்தின் ஆதரவு இல்லாததால் அது சட்டமாகும் நிலையில் இல்லை. தொழிற்கட்சியினரில் பெரும்பாலோர் வாக்களிக்காமல் இருந்தனர். பதின்மருக்கு மேற்பட்டோர் கட்சியின் போக்கை மீறி ஆதரித்தனர். எண்ணிப் பார்த்தபோது ஆதரவு 100, எதிர்ப்பு 100. துணைச் சபாநாயகர் தம் வாக்கை மசோதாவுக்கு ஆதரவாக அளித்தார். சம வாக்கு நேரும்போது, மேலும் விவாதிக்க இடமளிக்கும் பக்கமே வாக்களிப்பது அச்சபையின் மரபு.