ஒரு குழந்தை, மூன்று வரிகள்

புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. கே. ஈ. எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் அவருடைய குழுவினரும், இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகர அறிஞர்களோடு சேர்ந்து, பெண்கள் கருவுறுமுன்பே அவர்களை அளக்கத் தொடங்கினர். பிறந்த குழந்தைகளை ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு வயதுகளில் மீண்டும் சோதித்தனர். தாயிடம் பி12 வைட்டமின் குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்தால், ஆறு வயதில் பிள்ளையின் உடலில் இன்சுலின் செவ்வனே வேலை செய்யாமை கூடுதலாகக் காணப்பட்டது. இது 2008இல் வெளிவந்த முடிவு.

இவ்வாறு அதே ஆட்களைப் பன்முறை அளந்து சேர்க்கும் விவரத்தைத் தொடர் விவரம் எனலாம். இதனைக் கணிப்பொறியில் எப்படி அடுக்குவது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவில்தான் பலர் இடறி விழுகின்றனர்.

நம்மவர் கடைகளில் நாள்வழி என்றும் பேரேடு என்றும் இருவகைக் கணக்கு உண்டல்லவா? நாள்வழியில் நிகழ்ச்சிக்கு ஒரு வரி. பேரேட்டில் ஆளுக்கு ஓர் இடம். தொடர் விவரமும் அவ்வாறே இரு கோலங் கொள்ளும். அகலக் கோலத்தில் குழந்தைக்கு ஒரே வரி. ஆறாம் வயது எடை, பன்னிரண்டாம் வயது எடை, பதினெட்டாம் வயது எடை எனப் பத்திகள் பக்கவாட்டில் நீளும். நெடுங்கோலத்தில் அதே குழந்தைக்கு மூன்று வரிகள். வயதுக்கு ஒரு பத்தி, எடைக்கு ஒரு பத்தி. அகலம் கண்ணுக்கு இனியது. வளர்ச்சியின் போக்கைக் கணிக்கும் முறைகளிற் பெரும்பாலானவை நெடுங்கோலத்தையே கேட்கும். ஸ்டாட்டா, ஆர் முதலிய மென்பொருள்கள் ஒரே கட்டளையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும். மாறும் அளவு எது என்பதோடு, ஆள் எண் எது, காலத்தைக் குறிப்பது எது என்ற இரண்டையும் நாம் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு வரியைச் சுட்ட வேண்டும். ஒரு குழந்தையின் பன்னிரண்டாம் வயது எடை தவறுதலாக இருமுறை பதிவாகியிருந்தால், நெடுங்கோலத்தை அகலமாக்க முயலும்போது ஸ்டாட்டா மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்குச் செய்யும் உதவியே, பிழை அகப்பட்டுவிடுகிறது.

மறுப்பே இல்லாமல் வரும் பிழைதான் கொடியது. தாயின் உயரம் மாறாதது. நெடுங்கோலத்தில் அது ஒவ்வொரு வரியிலும் திரும்ப வரும். ஒரு தாயின் உயரம் 150 செ.மீ., அவள் பிள்ளை மூன்று முறையும் வந்தது. மற்றவள் 144 செ.மீ., அவள் பிள்ளை ஒரே முறை வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 147. நெடுங்கோலத்தின் நான்கு வரிகளை அப்படியே கூட்டி வகுத்தால் 148.5 வரும். இருப்பவர் இருவரே, ஒருத்தி மும்முறை எண்ணப்பட்டுவிட்டாள்!

தமிழ்நாட்டுச் சான்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவரைக் கொண்டு விவரம் திரட்டிய ஊர்களுள் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் ஒன்று. பின்வந்தோர் 1936-37இலும், 1961இலும், அதன் பின்னரும் அங்கே சென்றனர். ஊரை ஓர் ஆளாகக் கொண்டால் அதுவும் தொடர் விவரமே. ஆயின் வீடுகள் அவையே அல்ல. ஊருக்கு எண் இட்டு அடுக்கலாம். வீட்டுக்கு எண் இட்டுத் தொடர இயலாது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. பன்னிரண்டாம் வயதுச் சோதனைக்குள் ஒரு குடும்பம் வேலை தேடி வெளியூர் போய்விட்டது எனக் கொள்வோம். அகலக் கோலத்தில் அக்கட்டம் வெறுமையாய் நின்று, 'இவன் எங்கே?' என்று கேட்கும். நெடுங்கோலமாக்கும்போது வெற்று வரிகளை நீக்குமாறு கட்டளையிட்டால் அக்கேள்வியும் மறையும். ஒருமுறையும் வராத குழந்தை அடியோடு இல்லாமற்போகும். எஞ்சிய சராசரி, இடம்பெயராதவர்களின் சராசரியே. ஆகவே வெற்று வரிகளை விட்டுவைத்து, 'குடிபெயர்ந்தார்', 'மணமாகிச் சென்றார்', 'வர மறுத்தார்' எனக் காரணத்திற்குத் தனிப் பத்தி ஒன்று வைப்பது நலம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிகளை அன்றி ஆட்களை எண்ணிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.