விளக்கை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

வீட்டு அறையில் எல்.இ.டி. விளக்கு வைத்து வெந்தயம், கடுகு முளைக்கீரை வளர்க்கும் சகோதரி ஒருவர் போன மாதம் அழைத்தார். தட்டின் நடுவில் கீரை நிமிர்ந்து நிற்கிறதாம். ஓரத்தில் வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடுகிறதாம். “இன்னொரு விளக்கு வாங்கட்டுமா சார்?” என்றார். கடன் வாங்கித் தொடங்கிய தொழில். நேரில் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கரும்பச்சை! பக்கவாட்டில் போகும் வெளிச்சத்தைச் சுவரே விழுங்கிக்கொண்டிருந்தது.

பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட், தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஓரிடத்தில் குவிக்காமல் நாலாபுறமும் பரப்பும். கெட்டியாக இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்தாலும் போதும். பூஞ்சணமும் சட்டென்று பிடிக்காது. உதிர்வதுதான் குறை, பசை கலந்து அடியுங்கள்.

சிலர் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுகிறார்கள். கசங்கினால் வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும். அதுகூடப் பரவாயில்லை, அது மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் தெளிக்கும் அறையில், ஒயர் உரசும் இடத்தில் அதை ஒட்டவே கூடாது. அந்தச் சகோதரியின் பிள்ளைகள் அந்த அறையில்தான் விளையாடுகிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டாம். வீண் செலவு, வீண் பாரம்.

வாடகை வீடு, பெயின்ட் அடிக்க முடியாது என்பவர்கள், காய்கறிப் பாத்திக்குப் போட்டு மீந்த மல்ச்சிங் ஷீட்டைக் கழுவி, வெள்ளி நிறப் பக்கம் செடியைப் பார்க்கும்படி தொங்கவிடலாம். விளக்கில் படக் கூடாது. சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டால் ஈரம் தங்காது.

சகோதரி அந்த வாரமே வெள்ளை அடித்துவிட்டார். அடுத்த தட்டில் ஓரச் சாய்வு நன்றாகக் குறைந்திருக்கிறது. பீரோ நிற்கும் மூலையில் மட்டும் இன்னும் சாய்கிறது. அதை நகர்த்தச் சொல்லியிருக்கிறேன்.