கையும் வேண்டும், இயந்திரமும் வேண்டும்

டெல்லியில் முனிர்கா என்று ஒரு பழைய கிராமம் இருக்கிறது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துவிட்டது. இன்று அங்கே பூமிக்கு அடியில் மெட்ரோ ரயில் போகிறது. முனிர்கா ரயில் நிலையம் 2018 மே மாதம் திறக்கப்பட்டது.

இந்த ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டப் பெரிய இயந்திரங்கள் வந்தன. இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டே போகும். குடைந்த இடத்தில் உடனே கான்கிரீட் வளையம் பொருத்தப்படும். அதனால் மண் சரியாது. இந்த வேலையைக் கடப்பாரையால் செய்தால் என்ன ஆகும்? மண் சரிந்து உயிர் போகும். இங்கே இயந்திரம்தான் சரி.

மேலே முனிர்கா கிராமத்தில் குறுகிய சந்துகள் உள்ளன. லாரி நுழையாது. அங்கே வீடு கட்ட மணலையும் செங்கல்லையும் ஆட்களே சுமக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். தளத்தின் பரப்பு 500 சதுர அடி. கனம் 5 அங்குலம். இதற்கு வேண்டிய கலவையின் எடை சுமார் 14,000 கிலோ. ஒரு சட்டியில் 20 கிலோ என்றால் 700 சட்டி தூக்க வேண்டும். இந்தச் சுமை பெரும்பாலும் சித்தாள் பெண்களின் தலையில்தான் ஏறுகிறது. கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன.

சரி, எல்லாவற்றுக்கும் இயந்திரம் வைக்கலாமா? கலவை லாரியில் வரும். குழாய் வழியாக மாடிக்கு ஏறும். சில ஆட்கள் போதும். ஆனால் சட்டி தூக்கிய பெண்ணின் அன்றைய கூலி போய்விடும். அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

கிராமத்து வேலைகளிலும் இதே கேள்வி எழுந்தது. 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. முடிந்தவரை ஆட்களைக் கொண்டே வேலை செய்ய வேண்டும், ஆட்களின் வேலையைப் பறிக்கும் இயந்திரம் கூடாது என்று அது சொன்னது.

வீடு கட்டும் இடத்தில் நடுவழி ஒன்று உண்டு. கலவை போடச் சிறிய இயந்திரம் வைக்கலாம். கலவை சீராக இருக்கும், தளம் உறுதியாகும். சுமையை மாடிக்கு ஏற்றச் சிறிய லிப்ட் வைக்கலாம். கம்பி கட்டுவது, செங்கல் அடுக்குவது, பூசுவது எல்லாம் கைவேலையாகவே இருக்கலாம்.

ஆனால் இயந்திரத்தை ஓட்டப் போவது யார்? பெரும்பாலும் ஆண்களுக்கே அதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். சித்தாள் பெண்களுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும். கொத்து வேலையும் பழக்க வேண்டும். அப்போது சுமை குறையும், கூலியும் உயரும்.

இயந்திரம் முதுகுச் சுமையை இறக்க வேண்டும். வயிற்றில் அடிக்கக் கூடாது. உங்கள் ஊரில் வீடு கட்டும் இடங்களில் என்ன நடக்கிறது? கூடிப் பேசுங்கள்.