பாலைவனப் பாறையை உடைப்பது யார்?

"பாலைவனத்தில் பகலில் கடும் வெப்பம், இரவில் குளிர். அதனால் பாறைகள் விரிந்து சுருங்கி உடைகின்றன." பாறைச் சிதைவுப் பாடத்தில் இந்த வரியைக் கரும்பலகையில் எழுதாத ஆசிரியர் குறைவு. நானும் பல ஆண்டுகள் எழுதினேன். ஒருநாள் பாலைவனப் படம் ஒன்றை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி, "வெயிலில் உடைஞ்சா கூர்மையாத்தானே சார் இருக்கணும்? இது ஏன் உருண்டையா இருக்கு?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததைத்தான் இங்கே பகிர்கிறேன்.

அந்தப் படம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகிலுள்ள பினக்கிள் பீக் மலை. அதன் சரிவில் ஏறத்தாழ 2.8 கி.மீ. நீளத்துக்கு ஒரு நடைபாதை செல்கிறது. இருபுறமும் ஆளுயரத்தைவிடப் பெரிய கிரானைட் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இடையிடையே தூண்களைப் போல சவாரோ கள்ளிகள் நிற்கும். காலடியில் நொறுங்குவது சாதாரண மணல் அன்று, உதிர்ந்த கிரானைட்டின் பருமணிகள். விடை அங்கேயே கிடக்கிறது.

கிரானைட் பூமிக்குள் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து உருவானது. மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்டுச் சுமை குறையும்போது அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் விழுகின்றன. பாறை பெரிய பெட்டிகளாகப் பிரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். மண்ணுக்கடியில் இருக்கும்போதே விரிசல் வழியே நீர் இறங்குகிறது. அது ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக மாற்ற, மற்ற மணிகள் பிடி தளர்ந்து உதிர்கின்றன. பெட்டியின் ஒரு பக்கத்தை நீர் ஒரு திசையிலிருந்துதான் தாக்கும். விளிம்பை இரண்டு திசைகளிலிருந்து, மூலையை மூன்று திசைகளிலிருந்து தாக்கும். எனவே மூலைகளே முதலில் கரைந்து, நடுவில் உருண்டை மிஞ்சுகிறது. பின்னர் மழைவெள்ளம் தளர்ந்த மண்ணை அடித்துச் செல்ல, உருண்டைகள் வெளியே தெரிகின்றன.

ஃபீனிக்ஸில் ஆண்டுக்கு 200 மி.மீ. மழைகூடப் பெய்வதில்லையே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். மேற்பரப்பு காய்ந்தாலும் மண்ணுக்குள் ஈரம் தங்கும். பனி யுகங்களில் அப்பகுதி இன்றைவிட ஈரமாகவும் இருந்தது. காலமோ இலட்சக்கணக்கான ஆண்டுகள்.

அப்படியானால் வெப்பத்துக்குப் பங்கே இல்லையா? 1936-இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மெருகேற்றிய கிரானைட் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிர்வித்தார். அது சுமார் 244 ஆண்டுகளின் பகல் இரவுக்குச் சமம். கல்லில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. குளிர்விக்க நீரைப் பயன்படுத்தியதும் சில நாள்களிலேயே மெருகு மங்கத் தொடங்கியது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது சிறிய துண்டு. பெரிய பாறைகளில் வெயிலும் விரிசல்களை மெல்ல வளர்க்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே கரும்பலகை வரியை அழிக்க வேண்டாம். பக்கத்தில் 'நீர்' என்று சேர்த்தால் போதும்.

இதைக் காட்ட ஒரு சலவை சோப்புக் கட்டி போதும். சதுரத் துண்டாக வெட்டி இரவு முழுவதும் நீரில் போட்டு வையுங்கள். காலையில் கொழகொழத்த மேல்பகுதியை விரலால் வழித்தால் உள்ளே இருப்பது மூலை மழுங்கிய துண்டு. செஞ்சி மலைப் பாறைகளையும் மாமல்லபுரத்து உருண்டைப் பாறையையும் பார்த்த பிள்ளைகளுக்கு அப்போதே பிடிபட்டுவிடும்.

பாறையைச் சிதைக்கும் அதே நீரைச் சேமித்து வாழ்வதுதான் சவாரோ. வேர்கள் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே படர்ந்து, மழை பெய்தவுடன் உறிஞ்சிக்கொள்ளும். தண்டிலுள்ள மடிப்புகள் விசிறிபோல விரியும். முட்கள் உருமாறிய இலைகள். எனவே ஒளிச்சேர்க்கை பச்சைத் தண்டில் நடக்கிறது. துளைகள் இரவில் திறந்து கார்பன் டைஆக்சைடை வாங்கிவைத்து, பகலில் மூடிக்கொள்ளும். வளர்ச்சியோ மிக மெதுவு: முதல் எட்டு ஆண்டுகளில் ஓரிரு அங்குலம், முதல் பூவுக்குச் சுமார் 35 ஆண்டு. வேலமரம் போன்ற ஒரு மரத்தின் நிழலில்தான் கன்று பிழைக்கிறது.

அந்தப் பாதையில் நடப்பவர்கள் தண்ணீரோடு ஒரு சீப்பையும் எடுத்துச் செல்வதுண்டு. சோயா என்ற கள்ளியின் துண்டுகள் லேசாக உரசினாலே உடையில் ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையில் ஏறும். சீப்பால் தட்டித்தான் விட வேண்டும்.

வகுப்பில் அடுத்துச் சிக்கல் ஒன்று வரும். நம்மூர் வேலியிலுள்ள சதுரக்கள்ளியும் திருகுக்கள்ளியும் இந்தக் குடும்பம் அல்ல. அவை ஆமணக்கின் குடும்பம். ஒரே மாதிரியான வறட்சி ஒத்த உருவத்தைத் தந்திருக்கிறது. சப்பாத்திக்கள்ளிதான் அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான கள்ளி. அதைக் கீறினால் பால் வராது, சதுரக்கள்ளியில் வரும். ஆனால் இந்தச் சோதனையை மாணவர்களிடம் விட வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆசிரியரே கீறி, தள்ளி நின்று காட்டட்டும்.