ஆடற்கூடத்திற்கு இசைத்தட்டு தேடல்

கல்யாணப் பந்தலின் ஓரத்தில் இசைத்தட்டுப் பெட்டியோடு அமர்ந்திருக்கும் ஒலிபெருக்கிக்காரரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முகூர்த்த வேளைக்கு நாகசுரம், பந்தி நடக்கும்போது ஒரு பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வேறொரு பாட்டு என்று அவரிடம் ஒரு கணக்கு உண்டு. நியூயார்க் நகரில் பணியின் நிமித்தம் தங்கியிருந்த ஆண்டுகளில், அவருடைய தொழிலை நானும் செய்தேன் என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். சனிக்கிழமை இரவுகளில் ஒரு மாதாகோயிலின் அடித்தளக் கூடத்தில் ஸ்விங் நடனம் ஆடுவோர் கூடுவர். அவர்களுக்கு இசைத்தட்டு போடுகிறவரை அங்கே ‘டீ.ஜே.’ என்பர். ஊதியம் சொற்பம், பொறுப்போ பெரிது.

அந்த நடனத்தின் பெயர் லிண்டி ஹாப். ஹார்லெம் பகுதியின் லெனாக்ஸ் அவென்யூவில் 1926-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பெற்ற சவாய் நடனக்கூடம் அதன் தாய்வீடு எனலாம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடிய, அக்காலத்தில் அரிதான இடம் அது. சிக் வெப் என்னும் டிரம்ஸ் கலைஞரின் குழு அங்கே நெடுநாள் வாசித்தது. 1958-இல் கூடம் மூடப்பட்டது. பின்பு இடிக்கப்பட்டும் போயிற்று. நடனமும் அதோடு போயிருக்கும். ஆனால் 1980-களில் இளைஞர் சிலர், சவாயில் ஆடிப் புகழ்பெற்றுப் பின்னர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துவந்த ஃபிராங்கி மேனிங் என்பவரைத் தேடிச் சென்று கற்றுக்கொண்டனர். இன்று ஸ்டாக்ஹோமிலும் சியோலிலும்கூட இதை ஆடுகின்றனர். வாரந்தோறும் பதினைந்து பேர் கொண்ட வாத்தியக்குழுவை அமர்த்துவது எவருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவேதான் இசைத்தட்டுக்கு அங்கே இத்தனை மதிப்பு.

எத்தகைய இசை ஆடத் தகுந்தது? கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பதினைந்து விநாடிக்குள் எத்தனை தாள அடி விழுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்கிப் பாருங்கள். நிமிடத்திற்கு 120 முதல் 180 அடி வரை இருந்தால் பெரும்பாலோர் மூச்சு வாங்காமல் ஆடுவர். தெற்குக் கலிபோர்னியாவில் தோன்றிய பால்போவா என்னும் நடனத்தார், காலை அதிகம் தூக்காமல் சிற்றடி வைப்பவர்களாதலால், 200-ஐயும் தாண்டுவர். ஆனால் எண் ஒன்றே போதாது. அடி நெகிழ்ந்து, ஊசலைப்போல் முன்னும் பின்னும் ஆட வேண்டும். அந்த ஊசலாட்டத்திற்கே ஸ்விங் என்று பெயர். பாட்டின் நீளமும் ஒரு செய்தி. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், அக்காலப் பாட்டுகள் எல்லாம் அந்த அளவில் அமைந்தன. பாட்டுக்குப் பாட்டு ஆட்டத்துணையை மாற்றிக்கொள்ளும் கூட்டத்திற்கு இது தற்செயலாக வாய்த்த நன்மை. பிடிக்காத துணையையும் மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம் அன்றோ?

இனி என் தோல்வியைக் கூறுகிறேன். தொடக்கத்தில், நூறு பாட்டுகள் அடங்கிய தொகுதி ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று வாங்கினேன். கவுண்ட் பேஸியின் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அதில் இருந்தது. சனிக்கிழமை அதைப் போட்டேன். முதல் அரை நிமிடத்திலேயே ஜோடிகள் தயங்கின. ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் ஒதுங்கினர். நிறைந்த கூடம் காலியாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நீளமான மூன்று நிமிடத்தை நான் அறியேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார் மேசைக்கு அருகில் வந்து, “இது அது இல்லையே, தம்பி” என்னும் பொருளில் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் வந்து உறையைப் புரட்டிப் பார்த்தேன். பதிவு செய்த ஆண்டும் இல்லை. வாசித்தவர் பெயரும் இல்லை. பிற்காலத்தில் யாரோ அதைப் பார்த்து வாசித்த நகல் அது.

அன்றுதான் எனக்கு இந்தத் தேடலின் முதற்பாடம் விளங்கிற்று. வாங்க வேண்டியது பாட்டை அன்று. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்டவர்கள் வாசித்த பதிவை. டியூக் எலிங்டனின் ‘ஸி ஜாம் புளூஸ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். 1942 ஜனவரியில் அவர் செய்த பதிவு இரண்டரை நிமிடத்திற்குச் சற்று மேல். 1959-இல் அவரே மறுபடி செய்த பதிவு ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு. ஒலியும் அகன்று விரிந்தது. இரண்டும் நல்லவை; இரண்டும் ஆடத்தக்கவை. ஆயினும் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எனவே வாங்குமுன் ஆண்டையும், தட்டில் பொறித்த மூல எண்ணையும் கேளுங்கள். பிரையன் ரஸ்ட் தொகுத்த ஜாஸ் பதிவுப் பட்டியல் இதற்குப் பழைய துணை. சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அமெரிக்கப் பழம்பதிவுகளின் அட்டவணையை எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

சரியான பதிவே கிடைத்தாலும், அதைத் தட்டிலிருந்து எடுத்த கைக்கு ஏற்பத் தரம் மாறும். இரைச்சலைப் போக்குகிறேன் என்று சிலர் உச்ச ஒலிகளையெல்லாம் அறுத்துவிடுவர். கீறல் சத்தம் போய்விடும். கூடவே தாளமும் போய்விடும். பேஸியின் குழுவில் ஜோ ஜோன்ஸின் சிம்பல் ஓசையும் ஃபிரெடி கிரீனின் கிட்டார் மீட்டும் காதில் விழாவிட்டால், ஆடுகிறவர் கால் எதைப் பற்றிக்கொள்ளும்? சற்றுக் கரகரப்பு இருக்கட்டும். நான் அதையே விரும்புவேன். 1960-களில் ஒற்றை ஒலிப்பதிவுகளைச் செயற்கையாக இருபுறமாகப் பிரித்து வெளியிட்ட நெடுந்தட்டுகள் உண்டு. அவற்றைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்.

அரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தட்டுகளின் உயிர்ப்பொருளான அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து சென்றது. போர் மூண்டு கப்பல் வழி அடைபடவே, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கை எழுபது விழுக்காடு குறைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் இசைக் கலைஞர் சங்கம் பதிவு செய்ய மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பெரிய நிறுவனங்கள் இரண்டு 1944 நவம்பரில்தான் பணிந்தன. ஸ்விங் இசை முதிர்ந்திருந்த அந்தக் காலத்துப் பதிவுகள் அருகியிருப்பதற்குக் காரணம் இதுவே. போர்வீரர்களுக்கென்று சங்கம் அனுமதித்த ‘வீ-டிஸ்க்’ என்னும் பன்னிரண்டு அங்குலத் தட்டுகள் அந்த இடைவெளியில் வந்தன. அவற்றின் மறுபதிப்பு எங்கேனும் அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். பழைய குறுந்தட்டுக் கடைகளில் பிரான்சு நாட்டின் ‘குரோனலாஜிகல் கிளாசிக்ஸ்’ வரிசையைத் தேடுங்கள். ஒவ்வொரு குழுவின் பதிவுகளையும் நாள் வரிசைப்படி அடுக்கியது அது. ஒலி சில வேளை சுமார், தகவல் துல்லியம். அமெரிக்காவின் மொசைக் நிறுவனத்துப் பெட்டிகள் விலை மிகுதி, எண்ணிக்கை குறைவு, தரம் உயர்வு. ஐரோப்பாவில் 1930-களின் பதிவுகளுக்கு உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் தொகுதி வெளியிடலாம். நல்லதும் போலியும் அங்கே கலந்து கிடப்பது அதனால்தான். அமெரிக்காவிலோ, 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1937-இல் வெளியான தட்டுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு. மாதச் சந்தா கட்டி இணையத்தில் கேட்பது வீட்டில் ஓய்வாகக் கேட்க நன்று. அந்நிறுவனங்களின் விதி தனிப்பட்ட கேள்விக்கு மட்டுமே இடம் தருகிறது; அதோடு நேற்று இருந்த பதிவு இன்று மறைந்துவிடவும் கூடும். ஆட்டத்திற்குப் போடுவதைச் சொந்தமாக வாங்கி, சுருக்காத கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் காசு யாருக்குப் போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். பேஸி டெக்கா நிறுவனத்தோடு செய்த முதல் ஒப்பந்தப்படி, இருபத்து நான்கு பக்கங்களுக்கு அவர் பெற்றது 750 டாலர். பங்குத்தொகை ஒரு காசும் இல்லை. ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அந்த ஏற்பாட்டில் பதிவானதே. இதை அறிந்தபின், என் பணத்தில் ஒரு பங்கை இன்று வாசிக்கும் குழுக்களுக்கு ஒதுக்கினேன். லாஸ் ஏஞ்சலீஸில் ஜோனதன் ஸ்டவுட் போன்றவர்கள் ஆடுவோருக்கென்றே வாசிக்கின்றனர். பேண்ட்கேம்ப் என்னும் இணையக் கடையில் அவர்கள் கோப்புகளை நேரே விற்கின்றனர். விலையின் பெரும்பங்கு அவர்கள் கைக்கே சேர்கிறது.

பேஸியின் 1937 ஜூலைப் பதிவைப் பின்னர் ஒரு பழைய கடையில் ஆறு டாலருக்கு வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை கூட்டம் நிரம்பியதும், முன்னறிவிப்பு ஏதுமின்றி அதைப் போட்டேன். பியானோ தொடங்கி நாலைந்து அடி சென்றிருக்கும். அந்த அம்மையார் நாற்காலியை விட்டு எழுந்து, மேசைப் பக்கம் திரும்பி ஒருமுறை தலையசைத்துவிட்டு, துணை தேடிக்கொண்டு தளத்தின் நடுவே போனார்.