கம்பியில்லாச் சுட்டியும் அலைவரிசை நெரிசலும்

மும்பையின் தாதர் போன்று வீடுகள் நெருங்கிய பகுதிகளில், சுவருக்குச் சுவர் வைஃபை இயங்குகிறது. மடிக்கணினியுடன் இணையும் புளூடூத் சுட்டிக்கும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியே பாதையாகும். இந்நெரிசலில் அது எவ்வாறு இயங்குகிறது?

இக்காலச் சுட்டிகள் பலவற்றில் உள்ள குறையாற்றல் முறையில் இப்பகுதி 40 தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. சுட்டி ஒரே தடத்தில் நில்லாது, தடத்திற்குத் தடம் தாவிச் செய்தி அனுப்புகிறது. இடையூறு மிக்க தடங்கள் விலக்கப்படுகின்றன.

இணைப்பதற்கு, சுட்டியிலுள்ள இணைப்புப் பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்துக. பின்னர் மடிக்கணினியில் புளூடூத்தை இயக்கி, பட்டியலில் தோன்றும் சுட்டியின் பெயரைத் தெரிந்தெடுக்க. அடுத்த முறை அது தானே இணையும்.

பாடம் நடத்துகையில் அம்புக்குறி தடுமாறுமாயின், சுட்டியைப் பழுதென ஒதுக்கிவிடலாகாது. முதலில் மின்கலத்தைச் சோதிக்க. அடுத்து, வசதியிருப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற்றுக. பல வேளைகளில் குறை சுட்டியில் அன்று, நெரிசலிலேயே உள்ளது.