பெரம்பலூர் வெயிலும் ஒரு சிறு விசிறியும்

மேலை நாட்டு ஆய்வுக்கூடத்தில், ஏசியின் உபயத்தால் 22 டிகிரியில் அசையாமல் நிற்கும் அறையொன்றில் வைத்துச் சோதித்து, இது தாராளமாகப் போதும் என்று அபிப்பிராயம் கூறப்பட்ட ஒரு பிராசஸர் கூலரை, சித்திரை மாதப் பிற்பகலில் கான்கிரீட் கூரையின்கீழ் 38 டிகிரியில் புழுங்கிக்கொண்டிருக்கும் பெரம்பலூர் வீட்டு அறைக்குக் கொண்டுவந்து பொருத்திவிட்டு, அது அங்கே நடந்துகொண்டபடியே இங்கும் நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. சாதனத்தின்மீது குற்றமில்லை. காற்றினால் இயங்கும் எந்தக் கூலரும் தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ச்சியான ஒரு நிலையை உண்டாக்க வல்லதன்று. அந்தக் காற்றுக்கு மேலே எத்தனை டிகிரியில் பிராசஸர் நிற்கும் என்பதை நிர்ணயிப்பது மட்டுமே அதன் அதிகாரம். அடித்தளம் உயர்ந்தால் மாடியும் உயரத்தான் செய்யும்.

கம்ப்யூட்டரை உதிரிபாகங்களாக வாங்கித் தாமே அசெம்பிள் செய்துகொள்ளும் வழக்கம் இந்த வட்டாரத்தில் பொறியியல் மாணவர்களிடமும், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்களிடமும் பரவியிருக்கிறது. ரயில் நிலையமே இல்லாத மாவட்டத் தலைநகரமாகையால், சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ திருச்சிக் கடைகளிலிருந்தோ வாங்கும் பொருள்கள் பஸ்ஸிலும் கூரியரிலும் வந்து சேருகின்றன. பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மனமுவந்து செலவழித்துவிட்டு, கடைசியில் கையில் மிஞ்சுகிற சில்லறைக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே கூலர் விஷயத்தில் பெரும்பாலோரின் சம்பிரதாயம். பலர் பிராசஸருடன் இலவசமாக வரும் சிறு கூலரோடு திருப்தியடைந்து, பிறகு வைகாசி பிறந்ததும் அதன் இரைச்சலைப் பற்றிக் குறைபட்டுக்கொள்கிறார்கள்.

சிறிது கணக்குப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு கூலரின் தகுதியை, பிராசஸர் வெளியிடும் ஒவ்வொரு வாட் உஷ்ணத்துக்கும் அது எத்தனை டிகிரி உயர இடங்கொடுக்கிறது என்ற எண்ணால் அளக்கலாம். இலவசமாக வந்த சிறு கூலருக்கு அந்த எண் 0.6 என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் 80 வாட் உஷ்ணத்தைக் கக்குமானால், சுற்றுக் காற்றைவிட 48 டிகிரி உயர்வு. 22 டிகிரி அறையில் அது 70. ஒருவரும் கவலைப்பட வேண்டியதில்லை. நம் 38 டிகிரி அறையில் 86. அதோடு, கேபினெட்டுக்குள் அடைபட்ட காற்று அறைக்காற்றைவிட எப்போதும் சில டிகிரி அதிகமாகவே இருக்குமென்பதால், 90-ஐ எட்டிப்பிடிக்கும். அந்த எண் 0.4 ஆக உள்ள கூலரானால் உயர்வு 32 டிகிரிதான். அறையின் 38-ஐக் கூட்டினால் சரியாக 70. ஆகவே, குளிர்நாட்டுக்காரர் சாதாரணக் கூலரால் அடையும் நிலையை நாம் அடைய வேண்டுமானால், அதற்கு அடுத்த தரத்துக் கூலர் தேவைப்படுகிறது. இதை ஆடம்பரம் என்று நான் கருதவில்லை. தார்ச்சாலை உருகும் ஊரில் குடியிருப்பதற்கு நாம் செலுத்தும் வரி என்றே கருதுகிறேன்.

அந்த 80 வாட் என்பதும் மிகைப்படுத்திய கற்பனையன்று. ரைசன் 5 5600, இன்டெல் கோர் ஐ5 12400 ஆகிய இரண்டும் 65 வாட் பிராசஸர்கள் என்றே விற்கப்படுகின்றன; ஆயினும் முழு வேலையில் ஈடுபடும்போது முன்னது 76 வாட் வரையிலும், பின்னது சிறிது நேரத்துக்கு 117 வாட் வரையிலும் மின்சாரத்தை உண்ண அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. உண்ட மின்சாரமெல்லாம் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்பட வேண்டும் என்பது இயற்கையின் நியதி. 1989-இல் வந்த 486 பிராசஸர் சில வாட்டுகளோடு அடங்கிவிட்டது. அதன்மேல் விசிறி வைக்க வேண்டுமென்ற எண்ணமே ஆரம்பத்தில் பலருக்கு இல்லை. 1993-இல் வந்த முதல் பென்டியம் ஏறத்தாழ 15 வாட்டை எட்டிய பிறகே ஹீட்சிங்கும் விசிறியும் வீட்டுக் கம்ப்யூட்டரில் நிரந்தர ஸ்தானம் பெற்றன. இன்று அதைப்போல் ஐந்தாறு மடங்கு உஷ்ணம், விரல்நகமளவே பரப்புடைய சிலிக்கன் துண்டிலிருந்து கிளம்புகிறது.

இவ்வளவு சிறிய இடத்திலிருந்து கிளம்பும் உஷ்ணத்தை விஸ்தாரமான அலுமினியத் தகடுகளுக்கு எடுத்துச் சென்று பரப்புவதுதான் கஷ்டமான காரியம். அதைச் செய்பவை ஹீட் பைப் எனப்படும் செப்புக் குழாய்கள். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் இதை உருவாக்கினார். இதே கருத்துக்கு 1940-களிலேயே வேறொருவர் காப்புரிமை பெற்றிருந்தும் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. குழாய்க்குள் காற்றை அகற்றிவிட்டு, சிறிதளவு நீரை மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறையுமிடத்தில் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் 93 டிகிரியளவில் கொதிக்கிற நீர், ஏறக்குறையச் சூனியமான இந்தக் குழாய்க்குள் 40 டிகிரியிலும் கொதிக்கத் தயாராக இருக்கிறது. பிராசஸரைத் தொடும் முனையில் ஆவியாகி, தகடுகள் கோத்திருக்கும் மறுமுனைக்கு விரைந்து, இட்டலிப் பானையின் மூடியில் படியும் ஆவியைப் போல் அங்கே நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே மறுபடியும் அடிக்குத் திரும்புகிறது. நீர் ஆவியாகும்போது உட்கொள்ளும் உஷ்ணம் அபாரமானது. ஒரு கிராம் நீர் ஏறத்தாழ 2,400 ஜூல் கொள்ளும். ஆக, 80 வாட் பிராசஸரின் உஷ்ணம் முழுவதையும் சுமந்து செல்ல 30 வினாடிக்கு ஒரு கிராம் ஆவி போதும். மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல் இது ஓசையின்றி வருஷக்கணக்கில் நடக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இதைவிட அழகான பௌதிகம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓசையெல்லாம் விசிறியினால் வருவது. இங்கே பொதுவாக ஒரு மயக்கம் உண்டு: காற்று வேகமாக அடித்தால்தான் குளிரும் என்று நினைக்கிறோம். நிமிஷத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று, அதாவது ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி நிதானமாகச் சுழன்றே தரக்கூடிய அளவு, 80 வாட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும்போது ஏறத்தாழ 4 டிகிரிதான் சூடேறியிருக்கும். ஆகவே காற்றுக்குப் பஞ்சமில்லை. உலோகத்திலிருந்து காற்றுக்கு உஷ்ணம் கைமாறுவதற்குரிய பரப்புக்குத்தான் பஞ்சம். சிறு கூலர் தன் பரப்புக் குறைவை வேகத்தினால் ஈடுகட்ட முயன்று இரைகிறது. பெரிய கூலருக்கு அந்த அவசியமே எழுவதில்லை. வேகத்துக்கும் சப்தத்துக்குமுள்ள சம்பந்தமோ மிகக் கடுமையானது: ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகக் குறைகையில், சப்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. 10 டெசிபல் இறங்கினாலே மனிதச் செவி அதைப் பாதிச் சப்தமாக உணரும். நிசப்தத்தை விலைக்கு வாங்க நினைப்பவர் உண்மையில் தகடுகளைத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனாலேயே. விசிறிப் பெட்டியின்மீது அச்சிட்ட டெசிபல் எண்ணையோ, அதில் மின்னும் வண்ண விளக்குகளையோ நம்பிப் பணம் கொடுப்பதில் பிரயோஜனமில்லை.

கோடையில் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரின் ஓசை காதில் விழுவதே அரிது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடியிருப்பவரானால் ஏர்ஹாரனுக்கு முன் எதுவும் எடுபடாது என்றும் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செவியைத் துன்புறுத்துவது ஓசையின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கமே. ஒரு கோப்பைத் திறந்தவுடன் சீறி, மறுவினாடியே அடங்கும் விசிறி, சீராக இரையும் விசிறியைவிட அதிகத் தொல்லை. இதற்குப் பரிகாரம் பயாஸில் காசு செலவின்றிக் கிடைக்கிறது: 65 டிகிரி வரை ஒரே மிதமான வேகம், அதற்கு மேல் படிப்படியான ஏற்றம் என்று அமைத்துவிடலாம். ரைசனில் ஈகோ மோடு என்ற வசதியும் உண்டு. வேகத்தில் சிறு இழப்பை ஏற்றுக்கொண்டால் உஷ்ணம் வெகுவாக இறங்கும்.

அரியலூரில் செந்துறை சாலையோரம் மாடியறையில் வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர் ஒருவர், "அண்ணே, 95 காட்டுது, பேஸ்ட் மாத்திட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் உஷ்ணக்கடத்திப் பசையைத்தான் சொன்னார். "பேஸ்ட் இருக்கட்டும் தம்பி, மொதல்ல ஃபேனைக் கழட்டுங்க" என்றேன். விசிறியை எடுத்ததும், தகடுகளின் முகப்பு முழுவதையும் சாம்பல்நிறக் கம்பளித்துண்டு ஒன்று மூடியிருந்தது. நகத்தால் கீறி இழுத்தால் ஒரே படலமாக உரிந்து வந்தது. பஞ்சிழையும் தலைமுடியும் பாவாக, சிமென்ட்தூள் ஊடாகச் சேர்ந்து நெய்த துணி அது. அவ்வூரை அடுத்த கல்லங்குறிச்சி வட்டாரத்தில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தவழ்ந்த காலத்தில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகள் சுண்ணாம்புக்கல்லாகி, அந்தக் கல் ஆலைகளுக்குள் சிமென்டாகி, லாரிச் சக்கரங்களின்கீழ் தூளாகி, கடைசியில் ஒரு ஹீட்சிங்கின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. படலத்தை நீக்கியவுடன், பேஸ்ட்டைத் தொடாமலே, உஷ்ணம் எண்பதுக்குள் வந்துவிட்டது.

இந்த அனுபவத்தை ஒட்டி நம் வட்டாரத்துக்கென்று இரண்டு விசேஷ நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்வது நலம். தகடுகள் மிக நெருக்கமாக அடுக்கிய கூலரைத் தவிர்த்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கருவியின் துணையின்றி, கம்பிக் கொக்கியை விலக்கியவுடன் விசிறி தனியே வந்துவிட வேண்டும். புளோயர் வைத்து ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சக்திக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு பலகையின்மேல் வைத்தாலே பாதித் தூசி குறையும்.

நாலு ஹீட் பைப்பும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுர வடிவக் கூலர்கள் இன்று இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலோ கீழோ கிடைக்கின்றன. டீப்கூல் ஏஜி400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் முதலியன அந்த ரகம். மேற்சொன்ன பிராசஸர்களுக்கு இவற்றில் எது கிடைத்தாலும் போதுமானது. நாக்டுவா போன்ற விலையுயர்ந்தவை உண்மையிலேயே சிறந்தவைதாம். ஆனால் மூன்று மடங்கு விலைக்கு மூன்று மடங்கு நிசப்தம் கிடைப்பதில்லை. பம்பு வைத்த திரவக் கூலர்களை 65 வாட் பிராசஸருக்குப் பரிந்துரைப்பவரிடம் எனக்கு வாதமில்லை, அனுதாபமே உண்டு. வாங்குமுன் கேபினெட்டின் அகலத்தை மட்டும் ஸ்கேலால் அளந்துவிட வேண்டும். இந்தக் கோபுரங்கள் ஏறத்தாழ 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரமுள்ளவை. ஒடுக்கமான கேபினெட்டில் பக்கக் கதவு மூடாது.

பொருத்தும்போது அடிப்பாகத்தில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தெடுத்துவிட்டுப் பயறளவு பேஸ்ட் வைத்து, திருகுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பழைய கூலரைக் கழற்றுகையில், குறிப்பாக ரைசனின் ஏஎம்4 சாக்கெட்டில், கம்ப்யூட்டரைச் சற்று ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகச்செய்து, பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும். ஒரேயடியாக மேலே இழுத்தால் பிராசஸரும் ஊசிக்கால்களோடு கூடவே வந்துவிடும். ஏஎம்4-க்கு வாங்கிய கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5-க்கும் பொருந்துகின்றன. இன்டெலிலோ 1200 சாக்கெட்டின் துளைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியிலும், 1700-இன் துளைகள் 78 மில்லிமீட்டர் இடைவெளியிலும் இருப்பதால் வேறு பிராக்கெட் வேண்டியிருக்கும். செம்பும் அலுமினியமும் எளிதில் கிழடாவதில்லை, தேய்வது விசிறி ஒன்றே. அது தேய்ந்தால் சில நூறு ரூபாய்க்கு வேறு 120 மில்லிமீட்டர் விசிறி மாட்டிக்கொள்ளலாம். ஆகையால் பெட்டியிலுள்ள உபரி பிராக்கெட்டுகளையும் திருகுப் பொட்டலத்தையும் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்துவைக்க வேண்டும்.